ஏழாவது பெயர்

செப்டம்பர் 14, ஞாயிறு

உறுதியான செய்தி: இரத்தினசபாபதி குகநேசன் உயிரோடு இருக்கிறார். ஆதாரம்: அவரேதான். நேரம் காலை 11.40. இடம் லெஸ்டர் நகரம், மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் புதைகுழியைக் கண்ணாடித் தரைக்குக் கீழே காட்டும் கூடம்.

அவர் இறந்துவிட்டதாக 1990 ஆகஸ்ட் 14ஆம் திகதி யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் முதற் பக்கத்தில் செய்தி வந்தது. எழுதியவன் நான்.

வரிசையாக எழுதுகிறேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, வெளியூர்களிலிருந்து வரும் தமிழ்ச் சனங்களுக்கு இந்த நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். இன்று பதினொரு பேர். ரோமர் காலத்துச் சுவர், மரச் சட்டமிட்ட பழைய மண்டபம், பிறகு மன்னரின் குழி. மழை தூறியது. குழியருகே வழமையாகச் சொல்வதைச் சொன்னேன். ஐந்நூறு வருடங்களுக்கு மேல் மன்னர் இங்கே கிடந்தார். மேலே கார் நிறுத்துமிடம். 2012இல் தோண்டி எடுத்தார்கள்.

"எலும்பில ஆர் பேர் எழுதி வைக்கிறது? ராசாவின்ர தமக்கையின்ர பெண்வழியில வந்த ஒரு தச்சர் லண்டனில இருந்தார். அவரின்ர எச்சிலை எடுத்துச் சோதிச்சுத்தான் இவர் இன்னார் எண்டு முடிவுக்கு வந்தவை" என்றேன்.

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். ஐம்பத்தேழு வயதிருக்கும். மகளை இங்கே பல்கலைக்கழகத்தில் சேர்க்கக் கொவென்ட்ரியிலிருந்து வந்தவர்.

"அண்ணை, என்னை அடையாளம் காண ஒருத்தரும் உவ்வளவு கஷ்டப்படேல்லை. நானும் ஒருக்காச் செத்தனான். பேப்பரிலயும் வந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் தலையில் கை வைத்தாள். "அப்பா, பிளீஸ். திருப்பியும் தொடங்காதேங்கோ."

"எந்தப் பேப்பர்?" என்று கேட்டேன்.

சொன்னார்.

"எப்ப?"

"தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. பஸ் ஸ்ராண்டடியில ஷெல் விழுந்து ஏழு பேர். நான் ஏழாவது. செத்ததுக்குப் பிறகும் எனக்குக் கடைசி இடம்தான், பாருங்கோ."

பெயரைக் கேட்கவே தேவையில்லை. அந்த ஏழு பெயர்களும் எனக்கு இன்றும் வரிசையாக வரும். இருந்தும் கேட்டேன். சொன்னார்.

அதற்குப் பிறகு பேராலயத்துக்குக் கூட்டிப் போனேன். மன்னரை மறுபடி அடக்கம் செய்த ஆண்டு 2015. நான் 1990 என்று சொன்னேனாம். ஒரு பெண்மணி திருத்தினார்.

அந்தச் செய்தியை எழுதியது நான்தான் என்று குகநேசனிடம் சொல்லவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டு இலக்கம் போட்ட என் அட்டையைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி லோஜினி கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அந்தக் கடிதம் வருடா வருடம் செப்டம்பரில் எழுதப்படுவது. முன்பு வேறு வேறு இடங்களுக்கு, இப்போது காணாமற்போனோரைத் தேடும் அலுவலகத்துக்கு லோஜினி அனுப்புவாள். அவளுடைய தம்பி விமலேந்திரன், வயது இருபத்துமூன்று, 1990 ஆகஸ்ட் 12ஆம் திகதி வடமராட்சியில் வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டான். யாழ்ப்பாணம் நகரில் மறுநாள் நேர்முகப் பரீட்சை. திரும்பி வரவில்லை.

பதின்மூன்று நாள் கழித்து அவள் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குப் படத்தோடு வந்தாள். 'காணவில்லை' அறிவித்தலை அவள் சொல்லச் சொல்ல எழுதியவன் நான். அப்படித்தான் பழக்கமானோம். தொண்ணூற்றிரண்டில் கல்யாணம்.

இன்றும் கடிதத்தைத் திருத்தித் தரச் சொன்னாள். திருத்த ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வருடமாக அதே வாசகங்கள். "காணாமற்போன அன்று நீலக் கோடு போட்ட சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்திருந்தார்."

"ஒரு எழுத்துப் பிழையும் இல்லையோ?" என்றாள்.

"இல்லை."

"நீங்கள் வாசிக்கவேயில்லை. கண் எங்கையோ நிக்குது."

பிரஷர் மாத்திரை எடுக்க மறந்துவிட்டேன் என்றேன். உடனே எழுந்துபோய்த் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

லோஜினி கோயிலுக்குப் போன நேரம் குகநேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பத்திரிகையில் வேலை செய்தவன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு இந்தக் கதையைச் சொல்வதில் சலிப்பே இல்லை. நூறு தரமாவது சொல்லியிருப்பார். குறிப்பெடுத்ததை அப்படியே தருகிறேன்.

"ரவுணில ஒரு அறையில நாலு பேர் இருந்தனாங்கள். பன்னிரண்டாம் திகதி பின்னேரம் ஒரு பெடியன் வந்தான். கூட இருந்தவன் ஒருத்தனுக்குத் தெரிஞ்சவன். விடிய இன்ரவியூவாம். வாற வழியில சைக்கிள் செயின் கழண்டு, பூட்டப் போய், சேட் முழுக்கக் கிறீஸ். அழாத குறை. எங்கட அறையில வெளியில போடக்கூடிய சேட் ஒண்டே ஒண்டுதான், என்ர வெள்ளைச் சேட். ஆருக்கு இன்ரவியூவோ, ஆர் பொம்பிளை பாக்கப் போகினமோ அவை போடுவினம். அது எங்கட அறைச் சட்டம். குடுத்திட்டன். பொக்கற்றுக்குள்ள என்ர ஐடென்ரிற்றி காட் கிடந்தது. எனக்கு ஞாபகமில்லை, அவனும் பாக்கேல்லை. விடியவெள்ளன நான் கிளிநொச்சிக்குப் போட்டன், பெரியம்மா வீட்டை. அஞ்சாம் நாள் ஊருக்குத் திரும்பி வந்தால், எங்கட ஒழுங்கை மதிலில என்ர படம். கண்ணீர் அஞ்சலி!"

"அப்ப சடலம்?"

"முகம் பாக்கிற மாதிரி இல்லையாம். அந்த ஐடென்ரிற்றி காட்டை வைச்சுத்தான் வீட்டுக்காரரிட்டைக் குடுத்திருக்கினம். சித்தப்பா கொள்ளி வைச்சு, காடாத்தும் முடிஞ்சுது, சாம்பல் கடலில. நான் படலையைத் திறக்க அம்மா மயங்கி விழுந்திட்டா."

"பிறகு ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அந்த நேரம் என்னைத் தேடித் திரிஞ்ச ஆக்கள் இருந்தவை அண்ணை. செத்தவனை ஒருத்தரும் தேடமாட்டினம். ஊரே சொல்லிச்சுது, செத்தவனாவே இருந்து வெளிக்கிட்டுப் போ எண்டு."

"அந்தப் பெடியன்ர பேர்?"

"சொல்லியிருப்பான். மறந்துபோச்சு. அவனைத் தெரிஞ்ச எங்கட அறைப் பெடியனும் பிறகு உயிரோட இல்லை. சிரிக்கேக்கை மேல் பல்லு ஒண்டு மற்றதுக்கு மேல ஏறி நிண்டது. அது மட்டும் நினைவு."

"அவன் கழட்டி விட்ட சேட்?"

"தோய்ச்சு வைச்சனான், வந்து எடுப்பான் எண்டு. கடைசியில அதைப் போட்டுக்கொண்டுதான் பிளேன் ஏறினனான். கிறீஸ் முழுக்கப் போகேல்லை. நீலக் கோடு போட்டது."

நீலக் கோடு.

பின்வாசல் கதவின் பிணைச்சல் தளர்ந்திருக்கிறது. இறுக்க வேண்டும். முருங்கைக்காய் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 17, புதன்

பிணைச்சல் இறுக்கினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நாற்பது வருடம் நான் கடைப்பிடித்த விதி: ஒரே ஆதாரத்தை நம்பி எழுதக்கூடாது. நீலக் கோடு போட்ட சட்டை அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் பாதிப் பேரிடம் இருந்தது. ஒரே சட்டைத் துணி, ஒரே தையற்காரர்கள். இதை வைத்து ஒரு பெண்ணிடம் போய் உன் தம்பி செத்துவிட்டான் என்று சொல்வது பொறுப்பான செயலல்ல.

வேண்டியது இரண்டாவது ஆதாரம். பல். முன்னறையில் விமலேந்திரனின் படம் தொங்குகிறது. கடவுச்சீட்டுக்கு எடுத்த படம். வாயை மூடிக்கொண்டிருக்கிறான். பல்லைப் பற்றி அறிய வேண்டுமானால் லோஜினியைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

எனது விதியைப் பற்றி மேலே எழுதியது முழு உண்மையல்ல. 1990 ஆகஸ்ட் 13, பிற்பகல் மூன்று மணி. வைத்தியசாலையில் ஏழு பேரைத் தரையில் வரிசையாகக் கிடத்தி மூடியிருந்தார்கள். ஆறு பேரின் பக்கத்தில் உறவினர்கள் இருந்தார்கள். ஏழாவதன் பக்கத்தில் யாருமில்லை. ஊழியர் ஒருவர் சட்டைப்பையில் கிடந்த அடையாள அட்டையை என்னிடம் நீட்டினார். பெயரை எழுதிக்கொண்டேன். "திறந்து காட்டவோ?" என்று கேட்டார். "வேண்டாம், காட் இருக்குத்தானே" என்றேன். செய்தியில் 'ஏழு பேரும் அடையாளம் காணப்பட்டனர்' என்று எழுதினேன்.

ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். அது காரணமல்ல. முன்னைய ஆறு பேரைப் பார்த்திருந்தேன். ஏழாவதைப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 20, சனி

பெல்கிரேவ் வீதி. தீபாவளி விளக்குகளைக் கட்ட ஏணி வைத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் நவராத்திரி. குஜராத்திப் பெண்கள் கர்பா நடனப் பாவாடை வாங்கக் கடைகளை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உகண்டாவிலிருந்து எழுபத்திரண்டில் வந்த ஹஸ்முக்பாயின் கடையில்தான் எங்களுக்கு முருங்கைக்காய். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவர் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துத் தெரிவுசெய்து தந்தார்.

"என்ன பாய், முகம் சரியில்லை? வீட்டம்மா திட்டினாரா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் இனிமேல்தான் இருக்கிறது" என்று சிரித்து ஒரு கட்டு மல்லித்தழையைச் சும்மா போட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லோஜினியோடு அபே பூங்கா. வெயில் இருந்தது. சோர் ஆற்றங்கரையில் வாத்துகள். பக்கத்து வாங்கில் ஒரு சோமாலியத் தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும். சின்னவள் வாத்தைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தாள்.

லோஜினி என் முழங்கையில் இடித்தாள். "இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளையின்ர பல்லைப் பாருங்கோ. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி. அப்பிடியே விமல்."

நான் பிள்ளையின் பல்லைப் பார்த்தேன்.

"அதுக்காகத்தான் அவன் படத்தில சிரிக்கிறேல்லை. வெக்கம்" என்றாள்.

இரண்டாவது ஆதாரம் கிடைத்துவிட்டது. பூங்காவிலிருந்து பஸ்ஸில் வந்தோம். அவள் யன்னலோரம் இருந்தாள். மத்தியானத்துக்கு மீன் குழம்பு.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

நூலகத்திலிருந்து பிற்பகல் மூன்றரைக்கு வீடு திரும்பினேன். லோஜினி முன்னறையில் நின்றாள். சுவரில் விமலேந்திரனின் படம் இல்லை. அவள் கையில் இருந்தது.

"கொவென்ட்ரியில இருந்து குகநேசன் எண்டு ஒருத்தர் எடுத்தவர். மகளுக்கு ஹொஸ்ரல் சாப்பாடு ஒத்துவரேல்லையாம், இஞ்சை ஆராவது சமைச்சுக் குடுக்கிற ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டவர். நான் சொன்னன், பிள்ளையை வெள்ளிக்கிழமையில இஞ்சை அனுப்புங்கோ, நானே குடுக்கிறன் எண்டு. சந்தோசத்தில கதைச்சுக் கதைச்சு, தான் செத்த கதையையும் சொன்னார்."

நான் கதிரையை இழுத்தேன்.

"இருக்க வேண்டாம். நில்லுங்கோ" என்றாள். முப்பத்துமூன்று வருடத்தில் அவள் எனக்குக் கட்டளையிட்டது இதுதான் முதல் தடவை.

"திகதி சொன்னார். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தன். செயின் கழண்டது எண்டார். சேட் என்ன நிறம் எண்டு கேட்டன். அதுக்கு அவர் என்ன சொன்னவர் தெரியுமே? 'அண்ணையும் இதைத்தானே கேட்டவர். போன கிழமையே அவரிட்டை எல்லாம் சொன்னனான்' எண்டார்."

"லோஜி, உறுதிப்படுத்தாமல்..."

"கதைக்காதேங்கோ."

நூலகப் புத்தகங்களைக் கீழே வைத்தேன்.

"பதின்மூண்டு நாள் நான் றோட்டு றோட்டாத் திரிஞ்சனான். ஆஸ்பத்திரியில பழைய கொப்பியைத் தட்டிப் பாத்திட்டு, அந்த வயதுப் பெடியளில வெள்ளைச் சேட் போட்ட ஒருத்தன்தான் வந்தவன் எண்டவை. எங்கட பிள்ளை நீலக் கோடு எண்டு போட்டு வந்திட்டன். அப்பவும் மனம் கேக்கேல்லை. உங்கட கந்தோருக்கு வந்தனான். பஸ் ஸ்ராண்டடியில செத்த ஆக்களில என்ர தம்பி இருப்பானோ எண்டு உங்களிட்டைக் கேட்டனான். என்ன சொன்னனீங்கள்?"

எனக்குத் தெரியும். இந்த நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

"சொல்லுங்கோ. என்ன சொன்னனீங்கள்?"

"ஏழு பேரும் அடையாளம் தெரிஞ்ச ஆக்கள், தங்கச்சி. நீர் பயப்பட வேண்டாம் எண்டு சொன்னனான்."

"கொப்பியை விரிச்சு ஏழு பேரையும் வாசிச்சும் காட்டினீங்கள். அந்த அந்தரத்துக்குள்ளயும் இவ்வளவு கவனமா ஒரு மனுசன் இருக்கிறார் எண்டு நினைச்சன். அதை நம்பித்தான் அந்தப் பக்கம் பிறகு திரும்பியும் பாக்கேல்லை. அதை நம்பித்தான் உங்களையும் கட்டினன்."

அழவில்லை. படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினாள். சரிந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். பிறகு மாடிக்குப் போனாள்.

செப்டம்பர் 24, புதன்

சாப்பாடு மேசையில் இருந்தது. ஒரு தட்டு.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தாள். குகநேசனோடு இன்னொரு தரம், ஒரு மணி நேரம் கதைத்திருக்கிறாள்.

"அவரின்ர தாய் அஞ்சு வருசத்துக்கு முந்திச் செத்தவவாம். சாகும் மட்டும் ஒவ்வொரு ஆவணியும் பதின்மூண்டாம் திகதி ஒரு விளக்கு வைச்சு, வெளியில காகத்துக்குச் சோறு வைக்கிறவவாம். ஆருக்கம்மா எண்டு கேட்டால், பேர் தெரியாத பிள்ளைக்கு எண்டு சொல்லுவாவாம். ஆரோ பெத்தவள் தேடிக்கொண்டிருப்பாள், நான் அவளுக்கும் சேத்து வைக்கிறன் எண்டு."

தேத்தண்ணீரைக் கையில் வைத்திருந்தாள். குடிக்கவில்லை.

"குப்பையோட குப்பையாப் போட்டு எரிச்சிருப்பினமோ, நாய் இழுத்திருக்குமோ எண்டு நான் நினைக்காத நாளில்லை. சித்தப்பன் முறையில ஒருத்தர் கொள்ளி வைச்சிருக்கிறார். மூண்டாம் நாள் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பெத்தது மாதிரி அழுதிருக்கினம். எல்லாம் நடந்திருக்கு. பேர் மட்டும்தான் பிழை."

"ஓம்."

"பேரைப் பிழையாப் போட்டது நீங்கள். திருத்தம் எழுதுங்கோ."

"அந்தப் பத்திரிகை இப்ப இல்லை, லோஜி."

"எங்கை போடுறது எண்டு பிறகு பாப்பம். முதல் எழுதுங்கோ. வாழ்நாள் முழுக்க ஊரில உள்ளவன்ர பிழையெல்லாம் திருத்தினனீங்கள்தானே."

எழுதினேன். நாலு வரிக்கு இரண்டரை மணி நேரம். "1990 ஆகஸ்ட் 14 வெளியான செய்தியில், முதல் நாள் பஸ் நிலையத்தருகே இறந்தவர்களில் ஏழாவதாக இ. குகநேசனின் பெயர் தரப்பட்டிருந்தது. அது தவறு. நிருபர் சடலத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் கிடந்த அட்டையை மட்டுமே பார்த்தார். இறந்தவரின் பெயர்" என்று எழுதி நிறுத்தினேன்.

நான் சடலத்தைப் பார்க்கவில்லை என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இன்னும் ஒண்டு விட்டிட்டீங்கள்" என்றாள் கடைசியில். "தேடி வந்த தமக்கைக்கு எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள் எண்டு சொன்னது."

அதையும் சேர்த்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

குகநேசனின் மகள் மத்தியானம் வந்து புட்டும் முருங்கைக்காய்க் கறியும் சாப்பிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. லோஜினி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது டப்பாவில் வடை கட்டிக் கொடுத்தாள்.

பிள்ளை போன பிறகு அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியின் படம். பதினாலு பேர். வென்ற அன்று எடுத்தது போலும். எல்லோரும், வெட்கத்தை மறந்து விமல்கூட, வாய் நிறையச் சிரிக்கிறார்கள்.

"நாளைக்குக் குகநேசன் வருவார், நான்தான் வரச் சொன்னனான். இதை முன்னால வைப்பன். ஆரெண்டு காட்டமாட்டன், பேரும் சொல்லமாட்டன். அவர் பாத்து, தானாத் தொட வேணும்."

"நான் நிக்கட்டோ?"

"நில்லுங்கோ. ஆனால் கதவடியில. அவரின்ர கண்ணுக்கு நேர நிக்க வேண்டாம். உங்கட முகத்தைப் பாத்தால் அவருக்கு விளங்கிப்போடும்."

அந்தச் செய்தியை எழுதியவன் நான் என்பது குகநேசனுக்கு இன்னும் தெரியாது. படத்தை அவர் பார்த்து முடித்த பின் நானே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். லோஜினி இந்த வருடத்துக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. முத்திரை ஒட்டியபடி மேசையில் இருக்கிறது. திருத்தத்தின் கடைசி வரி முடியாமல் இருக்கிறது. பெயரைத் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவர் வருவதாகச் சொன்னது நாளை, சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி.